தாய் இருக்கும் பிள்ளைக்கு அனாதை இல்லம் எதற்கு?

(சிங்கப்பூர்த் தமிழ்த் திருச்சபை ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் கையில் இருக்கிற தாளில் ஐந்தாவது தீர்மானத்தைப் பாருங்கள். டிசம்பர் விடுமுறையில் நம் சபையிலிருந்து ஒரு மிஷன் குழு கம்போடியாவின் பட்டம்பாங் மாகாணத்துக்குப் போக வேண்டும். அங்கே ஓர் அனாதை இல்லத்துக்கு மேல்மாடி எழுப்பிக் கொடுக்க வேண்டும். காணிக்கை சேர்ந்துவிட்டது. டி-சட்டை அச்சாகிவிட்டது. இந்த நேரத்தில் ஒருவன் எழுந்து எதிர்த்துப் பேசுவது பலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்கிறேன்: அந்த மாடியை நாம் கட்டக் கூடாது.

நம் வாலிபப் பிள்ளைகளின் மனசில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கைக்காசைப் போட்டு, விடுமுறையை விட்டுக்கொடுத்து, வெயிலில் செங்கல் சுமக்கப் போகிறார்கள். அந்த அன்பு உண்மையானது. அதனால்தான் அது எங்கே போய் விழுகிறது என்று பார்க்கிற கடமை பெரியவர்களாகிய நமக்கு இருக்கிறது.

கம்போடியா பட்ட பாடு உலகத்துக்குத் தெரியும். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் சுமார் 17 லட்சம் பேர் மாண்டார்கள். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள் தாய்லாந்து எல்லை முகாம்களில் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். அன்றைக்கு ஒருவர் அங்கே போய் இல்லம் கட்டியிருந்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம். பிறகு எய்ட்ஸ் வந்தது, இன்னொரு தலைமுறை பெற்றோரை இழந்தது. அப்புறம் போர் ஓய்ந்தது. எய்ட்ஸுக்கு மருந்து வந்தது. பெற்றோரை இழக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. அப்படியானால் இல்லங்களும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

கூடின. யுனிசெஃப்பும் கம்போடியச் சமூகநல அமைச்சகமும் சேர்ந்து 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 2005-இலிருந்து 2010-க்குள் அந்த நாட்டில் சிறுவர் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் ஏறியிருந்தது. 269 இல்லங்கள், அவற்றில் 11,945 பிள்ளைகள். அரசாங்கம் நடத்தியவை 21 மட்டுமே. மற்றவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில், வெளிநாட்டுச் சபைகளின் பணத்தில், ஓடியவை. அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள்.

இதை ஒரு நிமிடம் நெஞ்சில் வாங்கிக்கொள்ளுங்கள். அனாதைகள் குறைந்த நாட்டில் அனாதை இல்லங்கள் பெருகின. ஆங்கோர்வாட் பார்க்க வருகிற பயணிகள் பெருகிய அதே வருடங்களில் பெருகின. விமானம் இறங்குகிற சியெம் ரீப்பில், புனோம் பென்னில், பட்டம்பாங்கில் பெருகின. பிள்ளைகளின் தேவை அவற்றைப் பெருக்கவில்லை. கொடுக்க வருகிறவர்களின் பணம் பெருக்கியது.

எப்படி நடக்கிறது? ஒரு கிராமத்துத் தாயை எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன் கட்டட வேலைக்குத் தாய்லாந்து போயிருக்கிறான். நிலப்பட்டாவை அடகு வைத்து வாங்கிய சிறுகடன் தலைக்கு மேலே நிற்கிறது. பள்ளிக்கூடம் சட்டப்படி இலவசம். ஆனால் சம்பளம் போதாத ஆசிரியர் பிள்ளைகளிடம் நாள்தோறும் சில்லறை வாங்குகிறார். பள்ளியும் அரை நாள்தான். அந்த நேரத்தில் ஊருக்குத் தெரிந்த ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். உன் பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நல்ல பள்ளி, ஆங்கில வகுப்பு, எல்லாம் இலவசம் என்கிறார். நம் பாட்டிமார் பலர் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தவர்கள். அது போல ஒன்று என்றுதான் அந்தத் தாயும் நினைக்கிறாள். ஆனால் நம் பாட்டிமார் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தார்கள். தகப்பன் பெயர் பதிவேட்டில் இருந்தது. இங்கேயோ பிள்ளை உள்ளே போனதும் அனாதை ஆகிவிடுகிறது. அதன் படம் வெளிநாட்டுச் சபைகளின் ஜெபக் குறிப்பில் அச்சாகிறது. சியெம் ரீப்பில் சில இல்லங்களின் பிள்ளைகளை இரவில் சுற்றுலாப் பயணிகள் முன்னே நடனமாட விட்டார்கள், கடைத்தெருவில் துண்டுச்சீட்டுக் கொடுக்க நிறுத்தினார்கள். மெலிந்த பிள்ளையைக் கண்டால் வெளிநாட்டான் அதிகம் கொடுப்பான் என்று பிள்ளைகளை மெலிவாகவே வைத்திருந்தவர்களும் உண்டு.

எல்லா இல்லங்களும் அப்படியில்லை. நாம் போகவிருக்கிற இல்லத்தை நடத்துகிறவர் நல்ல மனிதராக, ஜெபிக்கிற மனிதராக இருக்கலாம். நான் அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று வருகிறபோது, நல்லவருக்கும் கட்டில் காலியாக இருக்கக் கூடாது. புதிய மாடியில் முப்பது கட்டில் போட்டால், அந்த முப்பதில் படுக்க யாராவது கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தாக வேண்டும். அந்தப் பிள்ளைகள் இந்த நிமிடம் தங்கள் தாயின் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். நம் சிமென்ட் காய்ந்த பிறகு அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள்.

நல்ல எண்ணம் எதுவரை போகும் என்பதற்கு ஹைட்டி ஒரு சாட்சி. 2010 ஜனவரி 12-ஆம் தேதி அங்கே நிலநடுக்கம். அதே மாதம் 29-ஆம் தேதி, அமெரிக்க பாப்டிஸ்டு சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசு எல்லையில் நின்றார்கள். அந்தப் பக்கத்தில் ஓர் அனாதை இல்லம் தொடங்குவது அவர்கள் திட்டம். உரிய பத்திரங்கள் கையில் இல்லை. கைது செய்தார்கள். விசாரித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள்! மலைமேல் இருக்கிற கலேபாஸ் என்ற ஊரின் தாய் தகப்பன்மார், படிக்க வைப்போம் என்று சொன்னதால் தாங்களே பிள்ளைகளைக் கொடுத்ததாகச் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். குழுவின் தலைவி மட்டும் சட்டவிரோதமாகப் பயணம் ஏற்பாடு செய்ததாகத் தண்டிக்கப்பட்டார். சிறையில் கழித்த நாட்களே தண்டனையாகக் கணக்காகி விடுதலையானார். அவர்கள் திருடர்கள் இல்லை, ஐயா. ஜெபித்துப் புறப்பட்டவர்கள். ஏழைப் பிள்ளைக்குத் தாய் வீட்டைவிட இல்லமே நல்லது என்று நம்பியவர்கள். அந்த நம்பிக்கைதான் நம் ஐந்தாவது தீர்மானத்திலும் இருக்கிறது.

மிஷன் பயணம் போய் வந்த எந்தச் சபையிலும் ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் ஒன்று தவறாமல் சொல்வார்கள்: “நாங்கள் வேனை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் ஓடி வந்து எங்களைக் கட்டிக்கொண்டார்கள்.” கேட்கிற நாமும் கண்கலங்குகிறோம். தாய்மார்களைக் கேட்கிறேன். உங்கள் மூன்று வயதுப் பிள்ளை முகம் தெரியாத ஒருவரிடம் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ளுமா? உங்கள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதுதான் வளர்ப்பின் அடையாளம். யாரிடமும் ஓடுகிற பிள்ளைக்கு, தனக்கென்று ஒருவர் இல்லை. நம் குழு ஒரு வாரம் கொஞ்சிவிட்டுக் கிளம்பும். அடுத்த மாதம் கொரியாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வேறொரு குழு வரும். ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை யாரையோ இழக்கிறது.

இது என் ஊகம் இல்லை. ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்ட்டில், இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேலே நின்றது. இரண்டு வயதுக்கு முன்னே போனவர்களுக்கு ஆதாயம் அதிகம். 2007-இல் வெளியான ஆய்வு இது. சுவரும் கூரையும் கட்டிலும் சோறும் கொடுத்தாலும், இரவில் அழுதால் எழுந்து வருகிற ஒரே முகத்தை இல்லம் கொடுக்க முடியாது என்பதையே அது காட்டுகிறது.

நாம் போகவிருக்கிற அதே பட்டம்பாங்கில் நடந்ததைக் கேளுங்கள். சிட்னியைச் சேர்ந்த டாரா விங்க்ளர் என்ற இளம்பெண் 2007-இல் அங்கே ஓர் இல்லம் தொடங்கினார். கொடுமையான வேறோர் இல்லத்திலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அவர் கெமர் மொழி கற்று, பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே பேச ஆரம்பித்த பிறகு உண்மை வெளியே வந்தது. அவர்களுக்குக் குடும்பம் இருந்தது! அவர் தன் அமைப்பையே மாற்றினார். பிள்ளைகளைக் குடும்பங்களோடு சேர்த்து, அந்தக் குடும்பங்களுக்கு உதவுவதே வேலை என்று ஆக்கினார். பின்னர் அனாதை இல்லங்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள் என்று மேடையேறிப் பேசியவர் அவர்.

கம்போடிய அரசாங்கமும் அதைத்தான் சொல்கிறது. 2015-இல் இல்லங்களைக் கட்டுப்படுத்தும் ஆணை வந்தது. ஐந்து மாகாணங்களில் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் 30 சதவீதம் பேரை 2018-க்குள் குடும்பங்களுக்குத் திருப்ப இலக்கு வைத்தார்கள். அந்த ஐந்தில் பட்டம்பாங் ஒன்று. ஒரு நாடு தன் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பப் பாடுபடுகிறது. நாம் அங்கே போய்க் கூடுதல் கட்டில் போடப் பார்க்கிறோம். எந்த உரிமையில்?

“வேதம் திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லவில்லையா?” என்று கேட்பீர்கள். சொல்கிறது. யாக்கோபு எழுதும்போது அந்தப் பிள்ளைகளோடு விதவையையும் சேர்த்தே எழுதினார். தாயையும் பிள்ளையையும் அவர் பிரிக்கவில்லை. இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புருஷன் செத்துப்போனான், கடன் கொடுத்தவன் என் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான் என்று ஒரு விதவை எலிசாவிடம் அழுகிறாள். எலிசா என்ன செய்தார்? பிள்ளைகளை என்னிடம் விடு, நான் வளர்க்கிறேன் என்றாரா? வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அது பெருகியது. அதை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு, மீதியில் நீயும் உன் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று அனுப்பினார். கடன்பட்ட தாயின் வீட்டுக்குள் பிள்ளையை நிறுத்திவைத்த அந்த ஊழியத்தைத்தான் பட்டம்பாங்கின் தாய்மார் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள்.

உண்மையிலேயே யாரும் இல்லாத பிள்ளைகள் உண்டு. வீட்டிலேயே அடியும் கொடுமையும் படுகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் பாட்டி, சித்தி, மாமன் இருக்கிறார்களா என்று முதலில் தேட வேண்டும். இல்லையென்றால் வளர்ப்புக் குடும்பம் பார்க்க வேண்டும். கம்போடியாவிலேயே சில்ட்ரன் இன் ஃபேமிலீஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பு பல வருடங்களாக அதைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலைக்குக் கட்டடம் தேவையில்லை. கெமர் பேசுகிற சமூகப்பணியாளர்களுக்குச் சம்பளமும் கிராமம் கிராமமாகப் போக மோட்டார் சைக்கிளும் தேவை. படம் எடுத்துச் சுவரில் மாட்ட அதில் ஒன்றும் இருக்காது.

செங்கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. கம்போடியச் செங்கல் சூளைகளில் கடனுக்கு அடிமைப்பட்டுக் குடும்பம் குடும்பமாக, பிள்ளைகளோடு, உழைக்கிறார்கள் என்று லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018-இல் விரிவாக எழுதினார்கள். ஒரு கடனாளியின் பிள்ளை அறுத்த கல்லை எடுத்து, இன்னொரு கடனாளியின் பிள்ளைக்கு அனாதை இல்லம் கட்டலாமா? அந்தக் கல்லை அடுக்கவும் பட்டம்பாங்கில் நல்ல கொத்தனார்கள் கூலிக்குக் காத்திருக்கிறார்கள்.

இப்போது இல்லத்தில் இருக்கிற பிள்ளைகளை நடுத்தெருவில் விடச் சொல்கிறீர்களா என்று மூப்பர் ஐயா காலையில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. விடக் கூடாது. அவர்கள் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் போகட்டும். அதே சமயம் ஒவ்வொரு பிள்ளையின் உறவினரையும் தேடிக் கண்டுபிடிக்கிற வேலைக்கும், வீடு திரும்பிய பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும், தாயின் பிழைப்புக்கு ஒரு கைமுதலுக்கும் நாம் கொடுப்போம். ஒரு பிள்ளையை இல்லத்தில் வளர்க்க ஆகிற செலவு, அதன் குடும்பத்துக்கு உதவுகிற செலவைவிடப் பல மடங்கு. நம் விமானச் சீட்டுப் பணம் பல வீடுகளின் அடுப்பை எரிய வைக்கும்.

வாலிபப் பிள்ளைகளே, உங்கள் ஆர்வம் வீண்போக வேண்டாம். நீங்களே முன்னே வந்து அந்த இல்லத்துக்கு இன்று ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களிடம் இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள், கடைசியாக எப்போது வீட்டுக்குப் போனார்கள், அமைச்சகத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா, அவர்களை வீடு சேர்க்க நாங்கள் செலவு செய்தால் சம்மதமா என்று கேளுங்கள். மூப்பர்கள் அதில் கையெழுத்துப் போடட்டும். பதில் வந்து, நம் சபை அதைப் படித்துப் பார்க்கும்வரை, சேர்த்த பணத்தில் ஒரு வெள்ளிகூட வங்கியை விட்டு வெளியே போகக் கூடாது. இதை ஒரு திருத்தமாக உங்கள் முன் வைக்கிறேன். ஆதரித்துக் கை உயர்த்துங்கள்.