எரிசக்தியும் அளவுகோலும்



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றில் போட்ட பொருள் நம் கைக்குத் திரும்பி வாராது. அப்படியிருந்தும் அதை அளந்து போடச் சொன்னார்கள். எவ்வளவு போயிற்று என்று அறியாதவனுக்குப் போவதைத் தடுக்கும் வழியும் தோன்றாது என்பதே அதன் உட்பொருள். பெருந்தொழிற்சாலைகள் எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று வகுக்கப்பட்ட சட்டத்தைப் பற்றி இன்று பேச முற்படுகிறேன். சட்டம் என்றதும் சிலருக்குக் கொட்டாவி வரக்கூடும். ஆயினும் இந்தச் சட்டத்தின் உயிர்நிலை அந்தப் பழமொழியிலேதான் இருக்கிறது என்பதைச் சற்றுப் பொறுத்துக் கேட்டால் உணர்வீர்கள்.

முதலில் ஒரு வினா. மின்சாரத்துக்கும் நிலக்கரிக்கும் பணம் கொடுப்பவர் ஆலை முதலாளி. தம் பணத்தை அவர் தாமே வீணாக்குவாரா? அவருக்குச் சிக்கனத்தைக் கற்பிக்க அரசு எதற்கு?

வினா நியாயமானதே. ஆனால் பெரிய ஆலை ஒன்றில் நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். இயந்திரத்தை விலைபேசி வாங்குபவர் ஒருவர். அதை ஓட்டுபவர் மற்றொருவர். மின்கட்டணத்தைச் செலுத்துபவர் மூன்றாமவர். வாங்குபவர் விலை குறைந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுப் பெறுகிறார். அந்த மோட்டாரோ தன் ஆயுட்காலத்தில் தன் விலையைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை விழுங்குகிறது. ஓட்டுபவருக்கு உற்பத்தி நின்றுவிடக் கூடாது என்பது ஒன்றே கவலை. இப்படி ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்ய, வீணாவதற்கு மட்டும் பொறுப்பாளி இல்லாமற் போகிறது. மேலும், புகைபோக்கியிலிருந்து எழும் புகை ஆலையின் மதிற்சுவரோடு நின்றுவிடுவதில்லை. அது ஊரார் அனைவரின் மூச்சிலும் கலக்கிறது. ஆகவே இது முதலாளியின் பணப்பையை மட்டும் பொறுத்த செய்தி அன்று.

வீண் என்பது எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்ட ஒரு கணக்குச் சொல்கிறேன். பல ஆண்டுகள் கணக்குக் கற்பித்தவன் கணக்கில்லாமல் பேச இயலுமா? நூற்பாலையில் நூல் அறாமல் இருக்க, காற்றில் ஈரப்பதம் தக்க அளவில் இருத்தல் வேண்டும். அதற்காகப் பெரிய விசிறிகள் இரவும் பகலும் சுழலுகின்றன. காற்று குறைவாகத் தேவைப்படும் நேரத்தில், விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, காற்று செல்லும் வழியைப் பாதி அடைப்பது பழைய முறை. விசிறியின் வேகத்தையே குறைப்பது புதிய முறை. இத்தகைய விசிறிக்குத் தேவைப்படும் மின்திறன், வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுகிறது என்பது பௌதிகம். வேகத்தை ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்துவிட்டால், மின்திறன் நூற்றிருபத்தைந்தில் அறுபத்துநான்கு பங்காகிவிடும். அதாவது, வேகம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. மின்சாரம் குறைந்தது ஏறக்குறையப் பாதி! அளவுகருவி வைத்துப் பார்த்தவனுக்கே இந்தப் பாதி கண்ணில் படும்.

அளத்தலின் வலிமைக்கு வரலாறும் சான்று கூறுகிறது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைக்க நீராவி இயந்திரங்கள் வேண்டியிருந்தன. ஆனால் அங்கே நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஜேம்ஸ் வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும் தங்கள் இயந்திரத்துக்கு அங்கே வாங்கிய கட்டணம் விந்தையானது. பழைய நியூக்கோமன் இயந்திரத்தை நோக்கத் தங்கள் இயந்திரம் எவ்வளவு கரியை மிச்சப்படுத்துகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டனர். மிச்சத்தை மெய்ப்பிக்க வேண்டுமே! ஆகவே இயந்திரத்தின் ஒவ்வோர் அசைவையும் எண்ணும் கருவியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தார்கள்.

1800-இல் அவர்களுடைய காப்புரிமை முடிந்தது. கண்காணிப்பு அகன்றதும் இயந்திரங்களின் திறமும் தளர்ந்தது. பின்னர் 1811-இல் சுரங்க மேலாளர்கள் ஒன்றுகூடி, ஒவ்வோர் இயந்திரமும் ஒரு படி கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தது என்பதை மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட ஏற்பாடு செய்தனர். ஜோயல் லீன் என்பவர் அப்பணியை ஏற்றார். அடுத்த முப்பது ஆண்டுகளில் அவ்வியந்திரங்களின் சராசரித் திறம் மும்மடங்குக்குக் குறையாமல் உயர்ந்தது! புதிய கொதிகலன்களும் புதிய அமைப்புகளும் அதற்கு உதவின என்பது உண்மை. ஆனால் எது சிறந்தது என்று எல்லோருக்கும் காட்டியது அந்த மாத அறிக்கையே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாடாளுமன்றம் 2001-இல் எரிசக்திச் சிக்கனச் சட்டத்தை நிறைவேற்றியது. 2002 மார்ச்சு முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் எரிசக்தித் திறன் பணியகமும் தோன்றியது. மிகுதியாக எரிசக்தி செலவிடும் தொழில்களை அரசு குறித்து அறிவிக்கலாம். அவை தகுதி பெற்ற எரிசக்தி மேலாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். தணிக்கை செய்விக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள்.

மிகுதி என்பதற்கு அளவு வேண்டாமா? ஒருவர் கரி எரிக்கிறார், ஒருவர் எண்ணெய் எரிக்கிறார், மற்றொருவர் மின்சாரம் வாங்குகிறார். எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க, ஒரு டன் எண்ணெய்க்குச் சமமான வெப்பத்தை அலகாகக் கொண்டனர். அது ஒரு கோடி கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி. வகுத்துப் பாருங்கள், ஒரு டன் எண்ணெய் ஏறத்தாழ 11,628 யூனிட்டுக்குச் சமம். 2007-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி, நெசவு, நூற்பு முதலிய ஆலைகளுக்கு எல்லை ஆண்டுக்கு 3,000 டன். சிமெண்டு ஆலைக்கு 30,000 டன். 3,000 டன் என்பது ஏறக்குறைய மூன்றரைக் கோடி யூனிட். ஆகவே இச்சட்டம் தெருக்கோடித் தறிக்காரரைத் தேடி வரவில்லை. பெரியவர்களையே கணக்குக் கேட்டது.

2012-இல் இச்சட்டத்தின்கீழ் ஒரு புதுத் திட்டம் தொடங்கியது. 'செய்து காட்டு, இலக்கை எட்டு, மிகுதியை விற்றுக்கொள்' என்பது அதன் பொருள். எட்டு வகைத் தொழில்களைச் சேர்ந்த 478 ஆலைகள் முதற்சுற்றில் இடம்பெற்றன. ஒரு டன் பொருள் செய்ய எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்பதே அளவுகோல். ஆலை ஒவ்வொன்றுக்கும் அதனதன் பழைய கணக்கையே அடிப்படையாக வைத்து, மூன்றாண்டுகளில் எட்டவேண்டிய இலக்கை வகுத்தனர். முன்பே திறம் பெற்ற ஆலைக்குச் சிறிய இலக்கு; பின்தங்கிய ஆலைக்குப் பெரிய இலக்கு. இலக்கைக் கடந்தவர் மிச்சப்படுத்திய ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்றிதழ் பெறுவார். எட்டாதவர் அச்சான்றிதழை விலைகொடுத்து வாங்க வேண்டும். இல்லையேல் தண்டம் கட்ட வேண்டும். தொடக்கத்தில் பத்தாயிரம் ரூபாயாக இருந்த தண்டத்தின் உச்சவரம்பு, 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பத்து இலட்சமாக உயர்ந்தது.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இம்முறை மிகவும் உகந்தது. வகுப்பில் கடைசி மாணவனை முதல் மாணவனோடு ஒப்பிட்டால் அவன் மனம் உடைவான். சென்ற தேர்வில் நீ பெற்றது முப்பது. இம்முறை நாற்பதாவது பெறு என்றால் முயல்வான். ஆலைகளும் முயன்றன. முதற்சுற்றின் இலக்கு ஏறத்தாழ 67 இலட்சம் டன். மிச்சமானதோ ஏறத்தாழ 87 இலட்சம் டன்.

மகிழ்ச்சிதான். ஆனால் வகுப்பில் பெரும்பாலோர் எளிதாகத் தேறிவிட்டால், ஆசிரியன் வினாத்தாளையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பான். வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 38 இலட்சத்துக்கு மேல். வாங்கப்பட வேண்டியவையோ 14 இலட்சமே. 2017-இல் சந்தை திறந்தபோது விற்பவர் பலர், வாங்குபவர் சிலர். ஒரு டன்னின் மதிப்பு பத்தாயிரம் ரூபாய்க்கும் மேல் என்று அரசு கணித்திருந்தது. சந்தையிலோ ஏறக்குறைய 13 இலட்சம் சான்றிதழ்கள் சுமார் நூறு கோடி ரூபாய்க்கே கைமாறின. சராசரி எண்ணூறு ரூபாயையும் எட்டவில்லை! இலக்கு தளர்வாக இருந்தால், உழைத்தவனின் சான்றிதழ் மலிந்துபோகும்; உழைக்காதவன் மலிவாகத் தப்புவான். இது நாம் மறக்கலாகாத பாடம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஒரு டன் சிமெண்டுக்கு ஆகும் செலவு குறைந்தாலும், சிமெண்டு உற்பத்தி பெருகினால் மொத்தச் செலவு கூடும். ஜெவன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் நிலக்கரியைப் பற்றி 1865-இலேயே இதனைச் சுட்டிக் காட்டினார். இதனால்தான், 2022-இல் சட்டம் திருத்தப்பெற்று, 2023-இல் கார்பன் வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, பார்வை எரிசக்தியோடு நில்லாமல் கரிவாயுவின் மீதும் சென்றது. எனினும் அளவுகோல் மாறினாலும் அளப்பவன் நேர்மை மாறக்கூடாது.

மாணவச் செல்வங்களே, இச்சட்டம் முழுவதும் இறுதியில் எதன்மேல் நிற்கிறது? மானியில் உள்ள எண்ணைப் பார்த்து ஏட்டில் எழுதும் ஒருவரின் கைமேல் நிற்கிறது. அவர் ஓர் எண்ணைத் திருத்தி எழுதினால், இலக்கும் பொய்; சான்றிதழும் பொய்; சந்தையும் பொய். எரிசக்தி மேலாளராகவும் தணிக்கையாளராகவும் தகுதி பெறத் தேசிய அளவில் தேர்வு நடைபெறுகிறது. பொறியியல் பயில்வோர் நாளை அதை எழுதக்கூடும். அத்தேர்வு உங்கள் அறிவைச் சோதிக்கும். மேலதிகாரி அருகில் நின்று, "இந்த எண்ணைச் சற்று மாற்றிப் போடு" என்று கூறும் நாளில் நிகழும் தேர்வுக்கு வினாத்தாள் இல்லை; மேற்பார்வையாளரும் இல்லை. அன்று கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். நாட்டின் பல இலட்சம் டன் எரிபொருள் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.