கேஸ் அடுப்பும் நம் குசினியும்



நாம் படித்த காலத்தில் தோட்டத்து வீடுகளில் விறகடுப்புத்தான். இன்று பல லயக் காம்பராக்களில் கேஸ் அடுப்பு எரிகிறது. பெரட்டுக்கு முந்திய அவசரத்தில் நம் பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் விறகடுப்பில் நெருப்புக் கண்ணுக்குத் தெரியும். கசியும் கேஸ் தெரியாது.

2021 இறுதியில் நாடெங்கும் கேஸ் கசிந்து தீப்பற்றியது நினைவிருக்கும். இதை ஆராய்ந்த குழு, புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதே முக்கிய காரணம் என்றது. புரொப்பேன் கூடினால் அமுக்கம் கூடும். அப்போது பழைய குழாயும் தளர்ந்த கிளிப்பும் கசியும். கலவை நம் கையில் இல்லை. குழாயும் ரெகுலேட்டரும் நம் கையில் இருக்கின்றன.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப் பள்ளத்தில் தங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, வாசற்கதவையும் திறக்க வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தி, விறகடுப்புக்குத் தூரமாக வையுங்கள். புதுச் சிலிண்டர் பூட்டியதும் இணைப்பில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது. நெருப்புக்குச்சி கொளுத்திச் சோதிக்க வேண்டாம்.

ஹப்புத்தளை, பண்டாரவளைக் குளிரில் காலையில் சுவாலை மெலியலாம். குளிரில் திரவம் மெதுவாகவே வாயுவாகும். அதற்காகச் சிலிண்டரை அடுப்பருகே சூடாக்குவதும் கொதிநீரில் வைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

கேஸ் மணம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்து எல்லோரையும் வெளியே கூட்டிச் செல்லுங்கள். பக்கத்துக் காம்பராவுக்கும் சொல்லுங்கள். தொலைபேசியை வெளியே போய் எடுங்கள்.

உடுப்பில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. நிலத்தில் படுத்து உருள வேண்டும், அல்லது கனத்த கம்பளியால் போர்த்தி அணைக்க வேண்டும். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த சுத்தமான நீர் ஓடட்டும். வீங்குமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி, உடலின் மற்றப் பகுதியைக் கதகதப்பாக வைத்திருங்கள்.

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் தோட்டத்துப் பாதை ஏறி வர நேரமாகும். அந்த நேரத்தில் அருகில் இருப்பவர்தான் வைத்தியர்.

வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் சகோதரிகளே, அம்மாவுக்கு அடுப்பு வாங்கப் பணம் அனுப்பும்போது நல்ல குழாய்க்கும் ரெகுலேட்டருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். பழையதை மாற்றினார்களா என்று அடுத்த அழைப்பில் கேளுங்கள்.