மைய்யித்தைக் குளிப்பாட்ட ஆள் வராத அன்று
(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் ஒரு சகோதரர் வஃபாத்தானார். எச்.ஐ.வி. என்று பேச்சு கிளம்பியதும் மைய்யித்தைக் குளிப்பாட்ட ஆள் வரவில்லை. லுஹருக்கு நடக்க வேண்டிய அடக்கம் மஃரிபுக்குப் போய்விட்டது. பொறுப்பிலிருக்கும் நாங்களும் வாசலில் நின்று யோசித்தவர்கள்தாம். கடைசியில் அவருடைய மச்சானும் வயதான மோதினாரும் உள்ளே போனார்கள்.

பிறகுதான் அரசு மருத்துவரிடம் போய்க் கேட்டோம். கையுறை, பிளாஸ்டிக் மேலங்கி, கையில் காயமிருந்தால் அதை மூடிக் கட்டுதல், இவ்வளவு போதும் என்றார். எந்த மைய்யித்துக்கும் இதே முறை நல்லதாம். அந்தப் பொருட்கள் இப்போது பள்ளிவாசல் அலமாரியில் கபன் துணியோடு இருக்கின்றன.

பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமி உள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு. இந்த வழிகளில்தான் அது பரவும். ஒரே சஹனில் சாப்பிட்டாலோ, முஸாஃபஹா செய்தாலோ, ஒரே ஹவுளில் ஒளுச் செய்தாலோ பரவாது.

ஒழுக்கமாக வாழ்ந்தால் வராது என்று நாமே மேடையில் பேசி வந்தோம். ஹராம் ஹராம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தச் சகோதரரின் மனைவிக்கும் தொற்று இருக்கிறது. அவர் செய்தது நிக்காஹ் மட்டுமே. அவரைப் பார்த்து அந்தப் பேச்சை எப்படிப் பேசுவது?

1986இல் சென்னையில் இது கண்டறியப்பட்டபோது இங்கே மருந்து இல்லை. நம் பயம் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது. 2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. அதுவரை ஆணுறை அவசியம். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கர்ப்பிணி மருந்து எடுத்தால் பிள்ளையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஊசி குத்தியது போன்ற ஆபத்து நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தடுப்பு மருந்து உண்டு.

நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். புதிய தொற்று முதலில் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். சம்மதமின்றிச் சோதிப்பதையும், முடிவை வெளியே சொல்வதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நிக்காஹுக்கு முன் இரு வீட்டாரும் மனமொப்பிச் சோதித்துக்கொள்வது நல்லது. விவரம் கேட்க 1097, கட்டணமில்லை.

மருந்து வாங்கப் போய்வர பஸ் செலவுக்கு முடியாதவர்கள் செயலாளரிடம் தனியாகச் சொன்னால் போதும். பதிவேட்டில் 'மருத்துவம்' என்று மட்டும் எழுதுவோம்.