மறுபக்கம் உட்கார்ந்தது யார்?



ஆரணியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவன் நான். “உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன?” என்று கேட்டால் நான்கைந்து கைகள் உயரும். பாட்டியின் அம்மா பெயரைக் கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். பாட்டனுக்கு மேல் பூட்டன், அவருக்கு மேல் ஓட்டன் என்று நம் மொழியில் உறவுச் சொல் இருக்கிறது. வீட்டில் பெயர்தான் இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. நம்மில் பெரும்பாலோர் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதில்லை. முதலெழுத்து ஒரு தலைமுறையை மட்டுமே காட்டும். அதிலும் தாய்வழி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

நம் ஊர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பட்டை நெய்த ஒரு வீட்டில் என்ன ஆவணம் இருக்கும்? கூட்டுறவுச் சங்கப் புத்தகம் இருக்கலாம். அதில் இருப்பது ஒருவர் பெயர். ஆனால் தறி ஒருவரால் ஓடுவதில்லை. தார் சுற்ற ஒருவர் வேண்டும். புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க ஆள் வேண்டும். கோர்வைப் புடவை என்றால் மறுபக்கம் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். மனைவியும் தங்கையும் பத்து வயதுப் பிள்ளையும் செய்த வேலை இது. அவர்கள் எந்தத் தாளிலும் இல்லை. நினைவில் மட்டும் இருக்கிறார்கள்.

“எங்கள் தாத்தா நெய்தார்” என்று ஒரு மாணவி ஒற்றை வரி எழுதி வந்தாள். “கோர்வைக்கு மறுபக்கம் உட்கார்ந்தது யார் என்று கேட்டு வாம்மா” என்றேன். மறுநாள் இரண்டு பக்கம் கொண்டுவந்தாள். அவள் பாட்டி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தறிக்கு உட்கார்ந்தவர். “இத்தனை நாள் யாரும் கேட்கலையே” என்றாராம்.

பட்டு நெசவாளர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே பதிந்துவைத்ததற்குப் பழைய சான்று உண்டு. இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மந்தசோர் கல்வெட்டு அது. தென் குஜராத்துப் பகுதியான லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர்கள், கி.பி. 5ஆம் நூற்றாண்டில் சூரியன் கோயில் கட்டியதையும் பிறகு பழுதுபார்த்ததையும் அதில் பொறித்தார்கள். தங்களில் சிலர் வேறு தொழில்களுக்குப் போனதையும் மறைக்காமல் சொன்னார்கள். நம் பிள்ளைகளும் தறியை விட்டு வேறு வேலைகளுக்குப் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். எங்கிருந்து புறப்பட்டோம் என்பது மட்டும் எழுத்தில் இருக்கட்டும்.

வகுப்பில் பயன்பட்ட சில வழிகளைச் சொல்கிறேன்.

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். “அண்ணா முதலமைச்சரானபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?” என்றால் 1967க்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். பழைய பத்திரங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். திருவண்ணாமலை மாவட்டம் 1989இல்தான் பிரிந்தது என்று சொல்லிக்கொடுங்கள். அந்த வீட்டுப் பெரியவர் நம் பள்ளியிலேயே படித்திருந்தால், சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும். தலைமையாசிரியர் அனுமதியோடு அந்த ஒரு வரியைப் பேரப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள்.

கவனமும் வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளை, பிரிந்த குடும்பத்துப் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. “உன்னை வளர்த்தவர்களைப் பற்றி எழுது” என்றால் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. சாதியைக் கேட்கும் கேள்வி வேண்டாம். வீட்டார் சம்மதிக்காத எதையும் வகுப்பில் படிக்க வேண்டாம்.

சேர்த்ததைக் காப்பது அடுத்த வேலை. கைபேசியில் பதிந்த குரல், கைபேசி பழுதானால் போய்விடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய புகைப்படம் தரம் குறைந்துவிடும். ஆகவே மூன்று படிகள் வைக்கச் சொல்கிறேன்: கையால் எழுதிய நோட்டு வீட்டில், நகல் வெளியூரில் இருக்கும் உறவினரிடம், குரல் பதிவும் படங்களும் கணினியிலோ பென் டிரைவிலோ. புகைப்படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் பெயர், ஊர், ஆண்டு எழுத வேண்டும். பழைய தாளை லேமினேஷன் செய்யக் கூடாது. பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது.

பகிர்வதும் காப்பதில் ஒரு பகுதிதான். மதிப்பெண் போட்ட நோட்டைக் கட்டாகக் கட்டிப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். வீட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். சம்மதித்தவர்களின் நகலைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.

அரையாண்டு விடுமுறை வருகிறது. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் பாட்டியின் அம்மா பெயரை எழுதச் சொல்லுங்கள். நாமும் நம் வீட்டில் ஒரு நோட்டு தொடங்குவோம்.