தோலைப் பார்க்கும் இடத்திலேயே மனத்தையும் கேட்போம்

தோல் மருத்துவத் துறையினரும் மனநல மருத்துவத் துறையினரும் ஒரே அவையில் கூடுவது அரிது. அந்த அரிய வாய்ப்பில் ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். தோல் நோயாளியின் மனநிலையைக் கேட்டறிவது தோல் சிகிச்சையின் ஒரு பகுதி. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

மேல்தோலும் நரம்பு மண்டலமும் கருவின் ஒரே வெளி அடுக்கிலிருந்து உருவாகின்றன என்பதை நாம் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் பிறப்பிடம் ஒன்று என்பதால் மட்டும் உறவு நிலைநாட்டப்படுவதில்லை. பிற்கால வாழ்க்கையில் நடப்பதே வலுவான சான்று. மன அழுத்தம் நீடிக்கும்போது கார்ட்டிசோல் சுரப்பின் ஒழுங்கு குலைகிறது. தோலின் நரம்பு நுனிகள் வெளிவிடும் வேதிப்பொருள்கள் மாஸ்ட் செல்களைத் தூண்டி, அரிப்பையும் அழற்சியையும் கூட்டுகின்றன. 2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 27 மாணவர்களின் தோலை விடுமுறையிலும் தேர்வுக் காலத்திலும் சோதித்துப் பார்த்தார்கள். தோலின் காப்பு அடுக்கைச் சிறிது சிதைத்தபோது, தேர்வுக் காலத்தில் அது மீள்வதற்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கமின்மை மனத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த மனம் சொரியும் கையைத் தடுப்பதில்லை. எக்சிமா நோயாளிகள் பலர் இந்தச் சுழலுக்குள்தான் வாழ்கிறார்கள்.

தோல் நோயாளிகளின் மனத்துயரின் அளவைக் காட்டும் ஆய்வு 2015இல் வெளிவந்தது. 13 ஐரோப்பிய நாடுகளின் தோல் புறநோயாளிகள் 3,635 பேரையும், ஒப்பீட்டுக்காக 1,359 பேரையும் அது ஆராய்ந்தது. மனச்சோர்வு தோல் நோயாளிகளில் 10.1 விழுக்காட்டினரிடமும் மற்றவர்களில் 4.3 விழுக்காட்டினரிடமும் இருந்தது. தற்கொலை எண்ணத்தைத் தெரிவித்தவர்கள் முறையே 12.7, 8.3 விழுக்காடு. தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்து, களிம்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போவதை எந்த மருத்துவமனையும் இயல்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, ஒரே காலத்தில் எடுத்த கணக்கு எது காரணம், எது விளைவு என்று காட்டாது என்பது. உண்மைதான். ஆனால் சோர்வு முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் அது நோயாளியை வாட்டுகிறது; மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தும் ஊக்கத்தையும் பறிக்கிறது. சிகிச்சை அளிக்க அந்த வரிசை தெரிந்தாக வேண்டியதில்லை.

இரண்டாவது, தோலைக் குணப்படுத்தினால் மனம் தானே தெளியும் என்பது. பல நேரங்களில் அது நடக்கவும் செய்கிறது. ஆயினும் 2006இல் வெளிவந்த எடனர்செப்ட் மருந்து ஆய்வைப் பாருங்கள். சொரியாசிஸ் நோயாளிகள் 618 பேரிடம் நடந்த அந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களின் மனச்சோர்வு குறைந்தது. ஆனால் அது தோல் தெளிந்த அளவோடு நெருங்கி இணைந்திருக்கவில்லை. படையின் பரப்பை அளந்து துயரத்தின் ஆழத்தைக் கணிக்க முடியாது. முகத்தில் காசளவு வெண்புள்ளி உள்ள ஒருவர் திருமண வீட்டுக்கே போகாமல் ஒடுங்கிவிடலாம். உடலெங்கும் படை உள்ள இன்னொருவர் தயங்காமல் வேலைக்குப் போய் வரலாம்.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிக முக்கியமானது. மனத்தைப் பற்றிக் கேட்டால், “எல்லாம் உன் கற்பனை, கவலைப்படாமல் இரு” என்று நோயாளிமீதே பழி போடுவதாக முடியாதா? அப்படிப் பேசும் மருத்துவம் இருக்கவே செய்கிறது. அது கைவிடப்பட வேண்டும். வெண்புள்ளியிலும் சொரியாசிஸிலும் நோய் எதிர்ப்பாற்றலின் கோளாறு உண்மையானது. மன அழுத்தம் அதைத் தூண்டும் காரணங்களுள் ஒன்று மட்டுமே. தவிர, துயரத்தின் பெரும்பங்கு வெளியிலிருந்து வருகிறது. ஒட்டாத நோயைத் தொற்று என்று அஞ்சி விலகும் உறவினர், வேலை தர மறுக்கும் முதலாளி, பெண் பார்க்க வந்து கையைப் பார்த்ததும் எழுந்து போகும் வீட்டார் ஆகியோர் தரும் காயத்துக்கு நோயாளி பொறுப்பாளி அல்லர். மனத்தைக் கேட்பது அந்தக் காயத்தை மருத்துவக் குறிப்பேட்டில் ஏற்றுவதற்காகத்தான்.

கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் நேரம் ஏது என்பீர்கள். கார்டிஃப் நகரில் 1994இல் உருவான தோல்நோய் வாழ்க்கைத்தர வினாப்பட்டியலில் பத்தே கேள்விகள்; காத்திருக்கும்போதே நிரப்பிவிடலாம். அதனுடன், கடந்த இரு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டம் குறைந்ததா என்ற இரண்டு கேள்விகளைச் செவிலியரே கேட்கலாம். ஆம் என்பவரிடம் தற்கொலை எண்ணம் பற்றியும் மருத்துவர் தயங்காமல் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. உதவி தேவைப்படுவோரை மாவட்ட மனநலத் திட்டத்துடனும், 2022இல் தொடங்கிய டெலி மனஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணுடனும் இணைக்கலாம். அனுப்பியவர் போய்ச் சேர்ந்தாரா என்பதை அடுத்த வருகையில் தோல் மருத்துவரே விசாரிக்க வேண்டும்.

இந்த நடைமுறையை ஒவ்வொருவரும் தத்தம் பிரிவில் தொடங்க வேண்டும் என்பதை இம்மாநாட்டின் முதல் தீர்மானமாக முன்மொழிகிறேன். அதைத் திறந்த மனத்துடன் விவாதியுங்கள். குறை இருந்தால் திருத்துங்கள். பிறகு நிறைவேற்றித் தாருங்கள்.