திருநெல்வேலியில் சபைகள் பெருகியதேன்?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ சபைகள் ஊர் ஊராய்ப் பரவிய விதமாகும். "கடவுளே இல்லை என்கிறவனுக்குப் பாதிரிமார் கதை எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் கிறிஸ்து மதத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. தீயில் குளித்த சீதை கதை எப்படியோ அப்படித்தான் எனக்குக் கன்னி பிள்ளை பெற்ற கதையும். ஆனால் ஒரு காரியம் ஏன் நடந்தது என்று ஆராயாமல் திட்டிவிட்டுப் போவது பகுத்தறிவாகாது.

1780ஆம் வருஷத்தில் பாளையங்கோட்டைச் சபைப் பதிவில் இருந்தவர்கள் மொத்தம் 40 பேர். அச்சபைக்கு ஆதாரமாயிருந்தவர் யார்? ஒரு மராட்டியப் பார்ப்பன விதவை! 1778இல் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா என்று பெயர் கொண்ட அந்த அம்மையாரின் முயற்சியால்தான் 1785இல் அங்கே கோவில் எழுந்தது. நம் சாஸ்திரப்படி அவருக்குக் கிடைக்கக்கூடியதென்ன? மொட்டைத் தலை, மூலை, எதிரே வந்தால் அபசகுனம் என்ற பட்டம்! மூலையில் கிடக்க வேண்டியவரை ஒரு கூட்டம் தாயாராக ஏற்றுக் கொண்டது. அவர் எங்கே போவார் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிறகு கிராமங்களில் மதம் மாறியவர்களை மற்றவர்கள் துன்புறுத்தினார்கள். உடனே 1799இல் தனியே நிலம் வாங்கி ஒரு குடியிருப்பு உண்டாக்கினார்கள். முதலாவது ஊரானதால் அதற்கு முதலூர் என்று பெயர். 1820இல் திருநெல்வேலிக்கு வந்த இரேனியஸ் என்ற ஜெர்மானியர் இதையே பெருக்கினார். மெய்ஞ்ஞானபுரம், டோனாவூர், சுவிசேஷபுரம் என்று தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் கிறிஸ்தவ ஊர்கள் கிளம்பின. ஆங்கிலச் சபையின் ஏற்பாடுகளைக் குறைகூறினார் என்று 1835இல் அவரையே வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆனாலும் அவர் போட்ட வழி நிற்கவில்லை.

அந்த வழி என்ன? மந்திரமா? மாயமா? ஒன்றுமில்லை. ஊருக்கு ஓர் உபதேசியார். அவரும் நம் ஜாதி ஜனங்களில் ஒருவர். ஒரு ஓலைக் கொட்டகை. அது ஞாயிற்றுக்கிழமை கோவில், மற்ற நாளில் பள்ளிக்கூடம். பனையேறியின் பிள்ளை எழுத்துக் கற்றது. பெண் குழந்தையும் கற்றது. இவ்வளவுதான் இரகசியம்.

"சோற்றுக்கு மதம் மாறினவர்கள்" என்று பரிகாசம் செய்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தையொட்டி, 1877, 78இல், ஆயிரக்கணக்கானவர் சபைகளில் சேர்ந்தது உண்மைதான். பசித்தவன் சோறு போட்ட இடத்துக்குப் போனான். இதில் வெட்கப்பட வேண்டியவன் போனவனா? களஞ்சியத்தில் நெல்லும், உண்டியலில் பணமும் வைத்துக்கொண்டு, வாசற்படியில் அவனை நிறுத்தியவனா? கமுதிக் கோவிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தார்கள் என்பதற்காக, இலண்டன் பிரிவி கௌன்சில் வரையில் வழக்கு நடந்தது. 1908இல் அவர்களுக்கு விரோதமாகவே தீர்ப்பாயிற்று! நம் கோவில் கதவைப் பூட்டிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவு திறந்திருப்பதாகக் கூச்சல் போடுவது என்ன நியாயம்?

சரி, தோழர்களே! அந்த வீட்டுக்குள் போனவனுக்குச் சமத்துவம் கிடைத்ததா? இங்கேதான் நாம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். சபைகளில் ஜாதி வித்தியாசம் கூடாதென்று கல்கத்தா பிஷப் வில்சன் 1833இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோவிலிலோ, ஜாதிக்கொரு பக்கம் உட்காரும்படி இரண்டு கிளையாகவே கட்டிடத்தைக் கட்டினார்கள்! பிரிவுச் சுவர் 1910 வாக்கில்தான் இடிபட்டது. ஆண்டவன் ஒருவன், பரலோகம் ஒன்று, உட்காரும் இடம் மட்டும் இரண்டு! ஞானஸ்நானத் தண்ணீர் பாவத்தைக் கழுவுமாம், ஜாதியைக் கழுவவில்லை.

வெள்ளைக்காரரின் இறுமாப்பும் இருந்தது. கால்டுவெல் 1849இல் நாடார்களைப்பற்றி இழிவாக எழுதிய புத்தகம் அச்சமூகத்தாரின் மனத்தைப் புண்படுத்திற்று. 1857இல் சட்டம்பிள்ளை என்பவர் பிரகாசபுரத்தில் வெள்ளையர் ஆதிக்கமில்லாத தனிச் சபையே ஏற்படுத்தினார். சுயமரியாதை தானே! ஆனால் எங்கே போய் முடிந்தது? பாதிரியை விட்டார், பழைய யூதர் சடங்குகளைப் பிடித்துக் கொண்டார். எஜமானனைத் தள்ளியவர் விலங்கைத் தள்ளவில்லை.

பிறகு 1903இல் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த அசரியா முதலானவர்கள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஸ்தாபித்தார்கள். நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே கொள்கை. தாய்மார் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியும் இந்தச் சபை வேலைக்குப் பணமாயிற்று. அதைக்கொண்டு தெலுங்கு நாட்டில் டோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த அசரியா 1910இல் எடின்பரோ மகாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் முகத்துக்கு நேரே, "தானம் கொடுத்தீர்கள், சிநேகம் கொடுக்கவில்லை" என்ற கருத்துப்படப் பேசினார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்பானார். அவர் 1945இல் இறக்கும்போது அந்த அத்தியட்சத்தில் இருந்த கிறிஸ்தவர்கள் இலட்சத்தைத் தாண்டி விட்டார்கள். பெரும்பாலோர் மாலரும் மாதிகருமே. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள்!

தோழர்களே! இதில் நமக்குள்ள பாடத்தைச் சொல்லி முடிக்கிறேன். நாம் ஓர் ஊருக்குப் போகிறோம், மேடை போடுகிறோம், மூன்று மணி நேரம் புராணத்தைக் கிழிக்கிறோம், மாலை வாங்கிக் கொண்டு இரவு வண்டியில் திரும்பி விடுகிறோம். மறுநாள் காலையில் அவ்வூர்க்காரன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவனுக்குத் துணை யார்? பூசாரிதானே! உபதேசியாரோ ஊரிலேயே இருந்தார். பொய்யைச் சொன்னவர் கூடவே இருந்தார்; மெய்யைச் சொன்ன நாம் வண்டியேறி விட்டோம். பின்னே ஜனங்கள் யாரிடம் போவார்கள்?

நமக்குப் பரலோகம் கொடுக்க முடியாது, வேண்டியதுமில்லை. எழுத்தறிவு கொடுக்கலாம், விதவைக்கும் ஜாதி விட்டு மணந்தவர்க்கும் வீட்டில் இடம் கொடுக்கலாம். ஊருக்கொருவர் நிலையாய் நின்று இதைச் செய்ய வேண்டும். அதற்குப் பிடியரிசி எடுத்து வைக்க உங்களில் எத்தனை பேர் தயார்? கைதட்டல் எனக்கு வேண்டாம். இந்த வாசகசாலையில் நாளை இரவு முதல் விளக்கேற்றிப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறோமென்று இரண்டு பேர் எழுந்து சொன்னால், அதுவே நான் இங்கு வந்ததற்குப் போதுமான பலன் என்று கூறி இத்துடன் நிறுத்திக் கொள்கிறேன்.