எதிரணியில் இருந்த ஊர்
இந்தியா–பிரான்ஸ் கால்பந்தும் புதுச்சேரியும், 1948–1962



சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்லூரிகளிலும் மன்றங்களிலும் வளர்ந்த கால்பந்தைப் பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். அந்தத் தலைமுறை ஆடிய இரண்டு ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒலிம்பிக் ஆட்டங்கள். இரண்டிலும் இந்தியாவுக்கு எதிரே நின்றது பிரான்ஸ். ஒன்று 1948இல், மற்றது 1960இல். இரண்டு நாளிலும் புதுச்சேரி சட்டப்படி பிரெஞ்சு மண். நாம் கூடியிருக்கும் இந்த ஊர் ஏட்டளவில் எதிரணியின் ஊராக இருந்தது. அதற்கு என்ன பொருள் என்பதே என் உரை.

1. இல்ஃபோர்டு, 1948

1948 ஜூலை 31. லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில், சுதந்திர இந்தியா தன் முதல் பன்னாட்டுக் கால்பந்து ஆட்டத்தை ஆடியது. விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. அணித்தலைவர் டாலிமெரன் ஆவோ நாகா மலைக்காரர். கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியின் மாணவர். படிப்புக்கு இடையே மோகன் பகானுக்கு ஆடியவர். ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவர்தான்.

அவருடைய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். வறுமைதான் காரணம் என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் பந்தைப் பாதத்தால் உணர்ந்து ஆடுவது அன்று கல்கத்தாவில் ஊறிப்போன முறை. 1911இல் மோகன் பகான் பெரும்பாலும் வெறுங்கால் வீரர்களைக் கொண்டே ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அந்தப் பெருமிதத்தோடு வந்தவர்கள் இவர்கள்.

30ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் முந்தியது. 70ஆவது நிமிடத்தில் மைசூர் அணியின் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பெர்சியோன் அடித்த கோலால் 2–1 என்று பிரான்ஸ் வென்றது.

அதே கோடையில் புதுச்சேரியின் நிலை என்ன? பாரீஸ் நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக லம்பேர் சரவணன் அமர்ந்திருந்தார். மக்களைக் கேட்டே எதிர்காலம் முடிவாகும் என்று பிரெஞ்சு அரசு ஜூனில் அறிவித்திருந்தது. அதையொட்டி அக்டோபரில் நகராட்சித் தேர்தல் நடந்தது. அறிவிப்புக்கும் தேர்தலுக்கும் நடுவே, இந்த ஊர் எந்தப் பக்கம் என்ற கேள்வி சூடாக இருந்த வேளையில்தான், இரு நாடுகளும் களத்தில் சந்தித்தன.

2. கிரோசெட்டோ, 1960

அடுத்த சந்திப்புக்குள் காட்சி மாறிவிட்டது. 1952இல் ஹெல்சிங்கிக் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்ற பிறகு இந்திய வீரர்கள் பூட்ஸுக்கு மாறினார்கள். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் பிரெஞ்சிந்திய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. அல்ஜீரியப் போர் ஓயும் வரை இன்னொரு நிலத்தைக் கைவிடும் ஏட்டைத் திறக்க பாரீஸ் தயங்கியது.

அந்த அல்ஜீரியாவிலும் கால்பந்து உண்டு. 1958 ஏப்ரலில், உலகக் கோப்பைக்கான பிரெஞ்சு அணியில் இடம் உறுதியாக இருந்த ரஷீத் மெக்லூஃபியும் முஸ்தபா சிதூனியும் தோழர்கள் சிலரோடு பிரான்ஸிலிருந்து நழுவி தூனிஸ் சென்று, விடுதலை இயக்கத்தின் அணியில் சேர்ந்தார்கள். நாடு பிறக்கும் முன்பே அதன் அணி களமிறங்கியது. போர் முடிந்ததும் மெக்லூஃபி தன் பழைய மன்றமான செந்தெத்தியனுக்கே திரும்பி ஆடினார்.

1960 ஆகஸ்ட் 29. இத்தாலியின் கிரோசெட்டோ. ரஹீம் பயிற்றுவித்த இந்திய அணியின் தலைவர் பி.கே. பானர்ஜி 71ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். பதினொரு நிமிடங்களில் பிரான்ஸ் சமன் செய்தது: 1–1. அடுத்த ஆட்டத்தில் பெருவிடம் இந்தியா 1–3 என்று தோற்றது. அந்த ஒரு கோல் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ் அடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை அதுதான்.

அன்று புதுச்சேரியில் பறந்தது இந்தியக் கொடி. சட்ட ஏட்டில் இருந்தது பிரான்ஸ்.

3. அணியும் ஊரும்

1962 ஆகஸ்ட் 16இல் ஏடும் மாறியது. இந்தியக் குடியுரிமை தானாக வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்தொன்பதே நாளில், செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் சுனி கோஸ்வாமி தலைமையிலான இந்திய அணி தென்கொரியாவை 2–1 என்று வென்று ஆசியத் தங்கத்தைப் பெற்றது. அந்தத் தங்கம் சட்டப்படியும் புதுச்சேரிக்குச் சொந்தம்.

அந்த ஆறு மாதத்தில் சில வீடுகளில் அண்ணன் ஒரு நாட்டவர், தம்பி இன்னொரு நாட்டவர் ஆனார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தாக்களை இந்த ஊர் அறியும். அவர்களைப் பார்த்து “நீ எந்தப் பக்கம்?” என்று கேட்பது விளையாட்டுக் களத்தின் கேள்வியை வாழ்க்கைக்குக் கொண்டுவருவது. களத்தில் அந்தக் கேள்வி நியாயமானது. தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருவருக்கு ஒரு சட்டைதான். ஊர் அப்படி ஆட வேண்டியதில்லை. மெக்லூஃபி தன் நாட்டுக்காகவும் ஆடினார், பிரெஞ்சு மன்றத்துக்காகவும் ஆடினார். இரண்டுக்கும் உண்மையாக இருந்தார். ஆவோ மருத்துவப் பட்டம் பெற்று, பந்தை விட்டுத் தம் மக்களிடமே திரும்பி நாகாலாந்தின் சுகாதாரத் துறையை நடத்தினார். சைமன் சுந்தரராஜ் 1973இல் கேரளத்துக்குப் பயிற்சி தந்து அதன் முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். தஞ்சாவூருக்கு அதனால் எதுவும் குறையவில்லை.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும், பிரான்ஸில் குடியேறிய உறவினர்களிடமும் 1950களின் பள்ளி, கல்லூரி அணிப் படங்களைக் கேளுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர், ஆடிய மைதானம், பின்னாளில் எடுத்த குடியுரிமை, செய்த தொழில் எல்லாவற்றையும் எழுதி இக்கல்லூரி நூலகத்தில் சேருங்கள். அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை, அந்தக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்களில் ஒருவர் நிகழ்த்த வேண்டும்.